வீட்டுப் பட்டறைக்கு கம்மி பட்ஜெட்ல மில்லிங் மிஷின் வாங்கறது எப்படி

லேத் ஒண்ணு வாங்கி கொஞ்ச நாள் ஓட்டினவங்க எல்லாருக்கும் அடுத்து வர்ற ஆசை மில்லிங் மிஷின்தான், அதாவது சுத்தற கட்டரால மெட்டலைச் சீவி எடுக்கற மிஷின். லேத்துல உருண்டையா இருக்கறதெல்லாம் பண்ணிடலாம், ஆனா ஒரு பிளாக்கை நாலு பக்கமும் ஸ்கொயரா எடுக்கணும், ஷாஃப்ட்ல கீவே (கீ உக்கார்ற நீளப் பள்ளம்) போடணும், ஒரு பிளேட்ல சரியா 32.5 எம்எம் தள்ளி ரெண்டு ஓட்டை போடணும்னா அங்க லேத் கைவிட்டுடும். சரின்னு விலை கேக்க ஆரம்பிச்சா ஒருத்தர் எழுபதாயிரம்ங்கறார், இன்னொருத்தர் நாலு லட்சம்ங்கறார், பழைய மிஷின் விக்கறவர் எடைக்கே தர்றேன்ங்கறார். மூணு பேர் சொல்றதும் உண்மையாவே இருக்கலாம், ஆனா மூணும் மூணு வேற மிஷின். அதனால விலையை ஓரமா வச்சுட்டு இந்த வரிசைல யோசிங்க.

முதல்ல உங்க வேலையோட சைஸை அளங்க

நீங்க பண்ணப் போற பீஸ்லயே பெருசு எது, என்ன மெட்டீரியல், இந்த ரெண்டுக்கும் ஒரு பேப்பர்ல பதில் எழுதுங்க. மாடல் ஸ்டீம் இஞ்சின், கேமரா பிராக்கெட், சின்ன அலுமினியம் பார்ட்ஸ்னா ஒரு ரூட்டு. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பிளேட், ஃபிக்சர், பைக் பார்ட்ஸ்னா வேற ரூட்டு. ரெண்டாவதுக்கு முதலாவதோட மிஷினை வாங்கினா ஒவ்வொரு பாஸுக்கும் கால் எம்எம் கால் எம்எம்மா சீவிக்கிட்டு உக்காந்திருக்கணும், நடுவுல மிஷின் கடகடன்னு அதிரும்.

புதுசா வாங்கறவங்க எல்லாரும் டேபிள் நீளத்தைப் பாக்கறாங்க. அதைவிட ஸ்பிண்டில் (கட்டரைப் பிடிச்சு சுத்தற தண்டு) மூக்குல இருந்து டேபிள் வரைக்கும் உள்ள உயரத்தைத்தான் பாக்கணும். கணக்கு போட்டுப் பாருங்க, டேபிள் மேல வைஸ் வச்சீங்கன்னா அதுவே ஒரு 75 எம்எம், மேல இருந்து ட்ரில் சக் ஒரு 90 எம்எம், அதுல ஒரு பத்து எம்எம் ட்ரில் பிட் மாட்டினா இன்னொரு 85, 90 எம்எம். ஜாப் (வெட்டப் போற பீஸ்) வைக்கறதுக்கு முன்னாடியே 250 எம்எம் காலி. கேட்லாக்ல 280 எம்எம்னு போட்டிருக்கற மிஷின்ல மிச்சம் ரெண்டு விரல் இடம்கூட இருக்காது. இந்த ஒரு நம்பரைப் பாத்தாலே பாதி மிஷின் லிஸ்ட்ல இருந்து கழண்டுடும்.

அடுத்தது கனம். மில்லிங்ல கட்டர் தொடர்ச்சியா வெட்டறதில்ல, ஒவ்வொரு பல்லும் வந்து மோதிட்டுப் போகுது, அந்த அடியைத் தாங்கறது வார்ப்போட எடைதான். மோட்டார் எத்தனை ஹெச்பின்னு கேக்கறதுக்கு முன்னாடி எத்தனை கிலோன்னு கேளுங்க. ஐம்பது கிலோ மிஷின்ல ரெண்டு ஹெச்பி மோட்டார் போட்டாலும் அது ஐம்பது கிலோ மிஷின்தான்.

என்னென்ன வகை இருக்கு

ட்ரில்லிங் மிஷின்ல கிராஸ் வைஸ் போட்டு மில்லிங் பண்ணிக்கலாமேன்னு எல்லாருக்கும் ஒரு தடவை தோணும். வேண்டாம். ட்ரில்லிங் மிஷின்ல சக் வெறும் டேப்பர் (கூம்பு மாதிரி சரிவு) பிடிப்புல நிக்குது, மேல இருந்து இழுத்துப் பிடிக்க ட்ராபார்ங்கற நீள போல்ட் கிடையாது. பக்கவாட்டுல லோடு வந்ததும் அந்த அதிர்வுல டேப்பர் விட்டுடும், ஓடிட்டிருக்கற சக் கட்டரோட சேந்து கழண்டு விழும். இதுல மிச்சம் புடிக்கற காசு ஆஸ்பத்திரிக்குப் போகும்.

லேத் ஏற்கனவே இருக்கு, மில்லிங் வேலை மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வருதுன்னா வெர்டிகல் ஸ்லைடு ஒண்ணு வாங்கி லேத் கேரேஜ் மேல போல்ட் பண்ணிக்கலாம். கட்டர் லேத் ஸ்பிண்டில்ல சுத்தும், ஜாப் ஸ்லைடுல ஏறி இறங்கும். மெதுவான வேலைதான், ஆனா கீவே, சின்ன ஸ்லாட் எல்லாம் சுத்தமா வரும். இடமும் இல்ல காசும் இல்லங்கறவங்களுக்கு இதுதான் சரியான ஆரம்பம்.

அடுத்து பென்ச் டாப் மினி மில். சைனால சீக் கம்பெனியோட எக்ஸ்1, எக்ஸ்2, எக்ஸ்3 வரிசை, அதையே ஆளாளுக்கு ஒரு பேர் ஒட்டி ஒரு கலர் அடிச்சு விக்கறாங்க. எக்ஸ்1 ரொம்பப் பொடிசு, வாட்ச் சைஸ் வேலைக்கு. எக்ஸ்2 ஐம்பது அறுபது கிலோ, மாடி வீட்டுக்கு ரெண்டு பேர் தூக்கிட்டுப் போயிடலாம், அலுமினியம் பித்தளை நல்லா போகும், ஸ்டீல் பொறுமையாப் போகும். இதோட பலவீனம் ரெண்டும் ஊரறிஞ்சது. பழைய மாடல்ல ஹெட்டுக்குள்ள பிளாஸ்டிக் கியர், கட்டர் எங்கயாவது சிக்கினா பல்லு போயிடும், அதனால நிறைய பேர் பெல்ட் டிரைவா மாத்திக்கறாங்க. இன்னொண்ணு காலம் (column), அதாவது ஹெட்டைத் தாங்கற தூண், அது அடில ஒரே ஒரு பெரிய நட்டுல நிக்குது, லோடு வந்தா ஆடும். எக்ஸ்3 சைஸ் 150 கிலோவைத் தாண்டும், அங்க இருந்துதான் ஸ்டீல்ல நிம்மதியா வேலை பாக்க முடியும்னு நான் சொல்வேன்.

நம்ம ஊர்ல மில்லிங் கம் ட்ரில்லிங்னு விக்கறாங்களே, அதுல ரவுண்ட் காலமா டவ்டெயில் (புறா வால் மாதிரி சரிவா வெட்டின வழி) காலமான்னு கண்டிப்பா கேளுங்க. ரவுண்ட் காலம்னா ஹெட்டை மேல கீழ நகர்த்தும்போது அது சுத்திக்கவும் செய்யும், ட்ரில் போட்டுட்டு உயரத்தை மாத்திட்டு ரீமர் (ஓட்டையை சரியான அளவுக்குக் கொண்டு வர்ற டூல்) போடப் போனா பழைய சென்டர் போயிருக்கும். வேலைக்கு நடுவுல உயரம் மாத்தாத மாதிரி பிளான் பண்ணத் தெரிஞ்சவங்களுக்குப் பரவாயில்ல, ஆனா ஒரே விலைக்கு ரெண்டும் கிடைச்சா டவ்டெயில்தான்.

கடைசியா செகண்ட் ஹேண்ட் பெரிய மிஷின். எம்1டிஆர்னு சொல்ற டரெட் டைப் (ஹெட் ஒரு கை மேல உக்காந்து திரும்பற) மில்லிங்தான் வீட்டுக்கு ஒத்து வர்றதுலயே பெருசு. 1938ல அமெரிக்கால பிரிட்ஜ்போர்ட் கம்பெனி கொண்டு வந்த டிசைனோட வழில வந்தது இது. நம்ம ஊர்ல லூதியானா, பட்டாலா, ராஜ்கோட் பக்கம் போட்டதெல்லாம் டூல் ரூம்ல இருந்து கழிச்சு வெளிய வருது. எடை ஒரு டன்னை ஒட்டி வரும். எச்எம்டியோட எஃப்என்2 மாதிரி மிஷினும் கண்ணுல படும், வார்ப்பு பிரமாதம், இன்னிக்கும் தேஞ்சு தீராத மிஷின், ஆனா ரெண்டு டன்னுக்கு மேல, பவர் ஃபீடு (மோட்டாரே டேபிளை நகர்த்தறது), கியர் பாக்ஸ்னு பெரிய கூட்டம். தனி ஷெட் இல்லாம அதைத் தொடாதீங்க.

கிரவுண்ட் ஃப்ளோர்ல கான்கிரீட் தரை இருந்து, ரோட்ல இருந்து உள்ள வண்டி வர வழியும் இருந்தா என் ஓட்டு பழைய டரெட் மிஷினுக்குத்தான். மத்தபடி மாடி வீடு, வாடகை வீடுன்னா பென்ச் மிஷின். நடுவுல நின்னு குழம்ப வேண்டியதில்ல, வீடே முடிவு பண்ணிடும்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க. ஷேப்பர் மிஷின்னு ஒண்ணு எல்லா பழைய ஒர்க்‌ஷாப்லயும் மூலைல துரு புடிச்சுக் கெடக்கும். ஃபிளாட் சர்ஃபேஸ், கீவே, டவ்டெயில் எல்லாம் அதுல வரும், எண்ட் மில்லே (மில்லிங்ல போடற கட்டர்) வேண்டாம், லேத் டூல் மாதிரி ஒரு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டைக் கிரைண்டர்ல தீட்டிக்கிட்டாப் போதும். மெதுவா போற மிஷின்ங்கறதால ஃபேக்டரிக்கு வேண்டாம், அதனால எடைக்குப் போகுது. வீட்டுல நமக்கு என்ன அவசரம்.

ஸ்பிண்டில் மூக்குல என்ன டேப்பர்?

இதைக் கேக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. மிஷின் ஒரு தடவைதான் வாங்கறோம், அதுல மாட்டற சாமான் வருஷக் கணக்கா வாங்கிட்டே இருக்கப் போறோம். அந்த டேப்பருக்கு உங்க ஊர்ல சாமான் கிடைக்கலன்னா ஒவ்வொரு ஹோல்டருக்கும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு வாரக் கணக்குல காத்துக்கிட்டு இருக்கணும்.

எம்டி2, எம்டி3ங்கறது மோர்ஸ் டேப்பர், லேத் டெயில் ஸ்டாக்ல இருக்கே அதே ஜாதி. ஸ்லீவ், சக் ஆர்பர் எல்லாம் எல்லா டூல் கடைலயும் இருக்கும். குறை என்னன்னா அது தானா இறுகிக்கற டேப்பர், கழட்ட ஒவ்வொரு தடவையும் ட்ராபார் தலைல சுத்தியல்ல தட்டணும், அந்தத் தட்டு பேரிங்குக்கு நல்லதில்ல. ஆர்8 டேப்பர் பிரிட்ஜ்போர்ட் கொண்டு வந்தது, லேசாத் தட்டினா விடும், ஆனா நம்ம ஊர் கடைல எம்டி3 அளவுக்கு சுலபமாக் கிடைக்காது. ஐஎஸ்ஓ 30, ஐஎஸ்ஓ 40 டேப்பர் நல்ல சரிவு, 24க்கு 7, ட்ராபாரை லூஸ் பண்ணினாலே கழண்டுடும். நம்ம ஊர் டரெட் மிஷின்ல பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

ஐஎஸ்ஓ 40 இருந்தா ஒரு லாபம் இருக்கு. சிஎன்சி விஎம்சில (கம்ப்யூட்டர் ஓட்டற மில்லிங் மிஷின்ல) போடற பிடி40 ஹோல்டரும் அதே 24க்கு 7 டேப்பர்தான், ட்ராபார் மரை எம்16 இருந்தா பெரும்பாலும் அப்படியே உக்காரும். சிஎன்சி கடைக்காரங்க ரன் அவுட் (சுத்தும்போது வர்ற ஆட்டம்) கொஞ்சம் கூடிடுச்சுன்னு கழிச்சுப் போடற ஹோல்டர் நம்ம வேலைக்கு ராஜபோகம். மொத்தமா வாங்காதீங்க, ஒண்ணை மாட்டிப் பாருங்க, டிரைவ் கீ ஸ்லாட்ல சரியா உக்காருதான்னு பாத்துட்டு மிச்சத்தை வாங்குங்க. பழைய வெளிநாட்டு மிஷின்ல ட்ராபார் மரை இன்ச் கணக்குல இருக்கும், பயப்பட வேண்டாம், புது ட்ராபார் ஒண்ணு லேத்துல கடைஞ்சாப் போச்சு.

பழைய மிஷினை எப்படிப் பாக்கணும்

கோயமுத்தூர்ல கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம், சென்னைல அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம், பெங்களூர்னா பீன்யா. பழைய மிஷின் டீலர்கள் யார்டு வச்சிருப்பாங்க, இல்லன்னா மூடற ஒர்க்‌ஷாப்ல இருந்து நேரா எடுக்கலாம். நேரா எடுக்கறதுதான் நல்லது, ஏன்னா அங்க மிஷின் கரண்ட் கனெக்‌ஷனோட நிக்கும், அதை ஓட்டினவரே பக்கத்துல இருப்பார், அவர்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்து “அண்ணே, இதுல எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு”ன்னு கேட்டா ஓனர் சொல்லாததெல்லாம் சொல்லிடுவார்.

பாக்கப் போகும்போது மேக்னடிக் ஸ்டாண்டோட ஒரு டயல் காஜ் (மயிரிழை நகர்வையும் முள்ளால காட்டற கருவி), டார்ச், வேஸ்ட் துணி, ஒரு பாட்டில்ல கொஞ்சம் டீசல் எடுத்துட்டுப் போங்க. டயல் இல்லாம போனா பெயிண்டைத்தான் பாத்துட்டு வருவீங்க. புதுப் பெயிண்ட் பளபளன்னு இருந்தா எனக்கு சந்தேகம் கூடத்தான் செய்யும், அதுலயும் டேபிள் சரியற டவ்டெயில் ஓரத்துல பெயிண்ட் வழிஞ்சு காஞ்சிருந்தா மேக்கப் போட்டவர் மிஷின் தெரிஞ்சவர் இல்லன்னு அர்த்தம்.

முதல்ல டேபிளை ஒரு கடைசில இருந்து இன்னொரு கடைசி வரைக்கும் கையால ஓட்டுங்க. பாதி மிஷினோட கதை இந்த ஒரு கைப்பிடில தெரிஞ்சுடும். நடுவுல லூஸா சுத்தி, ரெண்டு ஓரத்துலயும் இறுக்கமாப் போச்சுன்னா டவ்டெயில் நடுவுல தேஞ்சிருக்கு, ஏன்னா முப்பது வருஷமா எல்லா வேலையும் டேபிள் நடுவுலதான் நடந்திருக்கும். விக்கறவர் “ஜிப்பை டைட் பண்ணினா சரியாயிடும் சார்”னு சொல்வார். ஜிப்புங்கறது டேபிளோட லூஸை எடுக்கற பட்டை, அதை நடுவுக்கு ஏத்த மாதிரி டைட் பண்ணினா ஓரத்துக்கு டேபிள் போகவே போகாது. கொஞ்சம் வித்தியாசம் எல்லாப் பழைய மிஷின்லயும் இருக்கும், அதோட வாழலாம், ஓரத்துல ரெண்டு கையாலயும் தள்ள வேண்டியிருந்தா விட்டுடுங்க. ஸ்க்ரேப்பிங் பண்ணி (தேஞ்ச பரப்பைக் கையால சுரண்டி நேராக்கி) எடுக்கற செலவு மிஷின் விலையைத் தாண்டும்.

அப்புறம் டேபிள் ஒரு ஓரத்தைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, டயல் முள்ளை இன்னொரு ஓரத்துல வச்சுக்கிட்டு. முள்ளு எவ்ளோ ஆடுதோ அவ்ளோ பிளே.

பேக்லாஷ் பாக்கறது இப்படி. டயலை டேபிளுக்கு எதிர்ல வச்சு, கைப்பிடியை ஒரு பக்கமா சுத்தி நிறுத்தி, மார்க்கைப் பாத்துக்கிட்டு, எதிர்ப் பக்கமா மெதுவாத் திருப்புங்க. முள்ளு நகர ஆரம்பிக்கற வரைக்கும் கைப்பிடி எவ்ளோ சும்மா சுத்துச்சோ அதுதான் பேக்லாஷ். பாயிண்ட் ரெண்டு எம்எம்னா நல்ல மிஷின். அரை எம்எம்னாலும் சமாளிக்கலாம். ஒரு எம்எம்முக்கு மேலன்னா லீட் ஸ்க்ரூவோட (டேபிளை நகர்த்தற நீள ஸ்க்ரூ) நட்டு மாத்தணும். ஆனா இதை டேபிள் நடுவுலயும் ஒரு தடவை, ஓரத்துலயும் ஒரு தடவை பாக்கணும், அங்கதான் விஷயமே இருக்கு. ரெண்டு இடத்துலயும் ஒரே அளவுன்னா தேஞ்சது நட்டு, கன்மெட்டல் நட்டு ஒண்ணு கடைஞ்சு போட்டுக்கலாம், சில மிஷின்ல அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூவே இருக்கும். நடுவுல அதிகம் ஓரத்துல கம்மின்னா தேஞ்சது லீட் ஸ்க்ரூ, அது பெரிய செலவு, விலைல நல்லாக் குறைச்சுக் கேளுங்க.

ஸ்பிண்டிலுக்கு வாங்க. டேப்பருக்குள்ள டீசல் துணியால துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, வட்ட வட்டமா கோடு இருந்தா ஹோல்டர் உள்ளயே சுத்தியிருக்கு. டயல் முள்ளை உள் டேப்பர் மேல வச்சு ஸ்பிண்டிலைக் கையால சுத்துங்க, 0.01, 0.02 எம்எம்முக்குள்ள இருந்தா பிரமாதம். டேபிள் மேல ஒரு மரக்கட்டை வச்சு ஒரு ரீப்பரால ஸ்பிண்டிலை கீழ இருந்து நெம்புங்க, முள்ளு 0.03க்கு மேல ஏறி இறங்கினா பேரிங் சந்தேகம். கடைசியா டாப் ஸ்பீடுல ஒரு கால் மணி நேரம் ஓட விடுங்க, மூக்கைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாம சுடக்கூடாது. சத்தம் சீரா இருக்கணும், கரகரன்னு மண்ணு அரைக்கற சத்தம் வரக்கூடாது.

“கரண்ட் இல்ல சார், ஓடற மிஷின்தான் சார்”னு சொன்னா மோட்டார் எரிஞ்சுருச்சுன்னே எடுத்துக்கிட்டு விலை பேசுங்க. ஓடினா லாபம்.

டேபிள் மேல ட்ரில் இறங்கின ஓட்டை, சுத்தியல் தழும்பு இருந்தா அதுக்காக வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்ல, வேலைக்குப் பெருசா குறுக்க வராது. ஆனா ஓட்டினவர் எப்படிப்பட்டவர்னு அது சொல்லும், ஆயில் எப்பவாவது ஊத்தியிருப்பாரான்னு சந்தேகப்பட்டு மிச்சத்தை இன்னும் கவனமாப் பாருங்க. காணாமப் போன சாமான் என்னென்னன்னு ஒரு கண் விடுங்க, கைப்பிடி, ட்ராபார், ஜிப் ஸ்க்ரூ, லாக் லீவர். ஹெட்டைச் சாய்க்கற வார்ம் கியர் உடைஞ்சிருந்தா கஷ்டம், கைப்பிடி இல்லன்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல.

விலை பேசறப்ப அன்னிக்கு பழைய இரும்புக் கடைல வார்ப்பு கிலோ என்ன விலைன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. எடை இன்ட்டு அந்த விலை, அதுக்குக் கீழ யாரும் தர மாட்டாங்க, அதுல இருந்து மேல எவ்ளோங்கறதுதான் பேரம். பில் வாங்கிடுங்க, வழில வண்டியை நிறுத்திக் கேட்டா காட்டணும்.

நேரா சைனால இருந்து எடுத்தா?

வெப்சைட்ல விலையைப் பாத்தா ஆசையாத்தான் இருக்கும். டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் துறை) தளத்துல 500 ரூபாய் கட்டி ஐஇசிங்கற இறக்குமதி நம்பர் வாங்கணும், கப்பல் கூலி, போர்ட்ல கன்டெய்னர் ஸ்டேஷன் சார்ஜ், கிளியரிங் ஏஜென்ட் ஃபீஸ், கஸ்டம்ஸ் டியூட்டி, எல்லாத்துக்கும் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒத்தை மிஷினுக்கு இந்தச் சில்லறைச் செலவெல்லாம் சேந்து லாபத்தைத் தின்னுடும். போதாக்குறைக்கு மிஷினரிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சர்டிஃபிகேட் வேணும்னு 2024ல ஒரு ஆர்டர் வந்து, அமலாகற தேதியை 2026 செப்டம்பருக்குத் தள்ளியிருக்காங்க, அதனால ஏஜென்ட்கிட்ட கேக்காம பணம் அனுப்பாதீங்க. ஸ்பேர் போர்டு கையில வச்சிருக்கற உள்ளூர் டீலர்கிட்ட கொஞ்சம் கூடக் குடுத்து வாங்கறதுதான் புத்திசாலித்தனம், மினி மில்லுல முதல்ல போறது ஸ்பீடு கன்ட்ரோல் போர்டுதான்.

கரண்ட்

பென்ச் மிஷின்னா சிங்கிள் ஃபேஸ், 15 ஆம்ப் பிளக், நல்ல எர்த், அவ்ளோதான். பழைய டரெட் மிஷின்ல த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும். வீட்டுல த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன் இருந்தா ஸ்டார்ட்டர், சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனா மோட்டாரை நிறுத்தறது) ரெண்டும் போட்டு நேராக் குடுத்துடலாம், ஸ்பிண்டில் எதிர்ப் பக்கம் சுத்தினா ஏதாவது ரெண்டு வயரை மாத்திப் போட்டா சரியாப் போச்சு.

சிங்கிள் ஃபேஸ்தான் இருக்குன்னா விஎஃப்டி (மோட்டார் ஸ்பீடை மாத்தற எலக்ட்ரானிக் டிரைவ்) போடணும், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் உள்ள போய் 230 வோல்ட் த்ரீ ஃபேஸா வெளிய வரும். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, நம்ம ஊர் மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டார்ல கட்டினது (ஸ்டார், டெல்டாங்கறது மோட்டார் காயிலை இணைக்கற ரெண்டு விதம்), 230 குடுத்தா இழுக்காது. மோட்டார் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்க, ஆறு முனை வெளிய இருந்தா பட்டியை மாத்தி டெல்டா போட்டுக்கலாம், 230ல முழு பவரும் வரும். மூணு முனைதான் இருந்தா உள்ள ஸ்டார் கட்டி மூடியிருக்காங்க, மோட்டார் காயில் கட்டற கடைல குடுத்தா அந்த முடிச்சைப் பிரிச்சு ஆறு வயரையும் வெளிய எடுத்துத் தருவாங்க. மூணு ஹெச்பிக்கு மேல நேம் பிளேட்ல 415 டெல்டான்னு போட்டிருந்தா இந்த வழி உதவாது. விஎஃப்டி போட்டா இன்னொரு லாபம், பெல்ட் மாத்தாமலே ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனா ரொம்பக் கீழ இறக்கினா டார்க்கும் வராது, மோட்டார் ஃபேனும் மெதுவாச் சுத்தி சூடாகும்.

வீட்டுக்குக் கொண்டு வர்றது

டாடா ஏஸ்ல ஏத்திடலாம்னு யாராவது சொன்னா எடையைக் கேளுங்க, அது முக்கால் டன் வண்டி. டரெட் மிஷின் தலை கனம், சாஞ்சா யாராலயும் தாங்கிப் பிடிக்க முடியாது. ஹெட்டைத் தலைகீழாத் திருப்பி விட்டு, ராமை (ஹெட்டைத் தாங்கற கையை) உள்ள தள்ளி, டேபிளைக் கீழ இறக்கி எல்லா லாக்கையும் போட்டுட்டுத்தான் தூக்கணும். மிஷின் ஷிஃப்டிங் பண்றவங்களே தனியா இருக்காங்க, பெல்ட், செயின் பிளாக், உருட்ட பைப் துண்டு, கடப்பாரை எல்லாம் அவங்ககிட்ட இருக்கும். கூலியைப் பாத்து நாலு சொந்தக்காரப் பசங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. கேட் அகலம், வாசப்படி உயரம், உள்ள திரும்பற இடம் மூணையும் அளந்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

மிஷின் விலையோட நிக்காது

கையில ஒரு லட்சம் இருந்தா அறுபதாயிரத்துக்கு மேல மிஷினுக்குப் போகாதீங்க. மிச்சம் எதுக்குன்னா,

நல்ல மில்லிங் வைஸ், சின்ன மிஷினுக்கு 3 இன்ச், பெருசுக்கு 5 இல்ல 6 இன்ச். ட்ரில்லிங் வைஸ் வேண்டாம், டைட் பண்ணும்போது நகர்ற தாடை மேல தூக்கிக்கும், ஜாப் ஸ்கொயராவே வராது.

ஈஆர் காலட் சக் செட், கட்டரோட தண்டைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கறது. ஈஆர்32னா 2ல இருந்து 20 எம்எம் வரைக்கும் பிடிக்கும், மினி மில்லுக்கு ஈஆர்25 போதும், 16 வரைக்கும். எண்ட் மில்லை ட்ரில் சக்குல பிடிக்கவே கூடாது, கட்டர் மெல்ல மெல்ல கீழ இறங்கி ஜாப்புக்குள்ள போயிடும். முழு செட்டும் முதல்லயே வேண்டாம், 6, 8, 10, 12 நாலு காலட் எடுத்தா ஆரம்பிச்சுடலாம்.

எண்ட் மில், எச்எஸ்எஸ்ல எடுங்க. அடிசன், மிராண்டா, டாகர் எல்லாம் கடைல கிடைக்கும், ஸ்டீலுக்கு நாலு பல்லு, அலுமினியத்துக்கு ரெண்டு பல்லு. கார்பைடு இப்போதைக்கு வேண்டாம், பேக்லாஷ் உள்ள மிஷின்ல கைல ஃபீடு குடுத்தா பல்லு தெறிச்சுடும். அகலமா ஃபேஸ் எடுக்க ஒரு ஃபிளை கட்டரை (ஒத்தை பிட் மாட்டின கட்டர்) நீங்களே லேத்துல பண்ணிக்கோங்க.

கிளாம்ப் செட் வாங்கறதுக்கு முன்னாடி டேபிளோட டி ஸ்லாட் (போல்ட் மாட்டற டி வடிவப் பள்ளம்) அகலத்தை அளங்க, 10, 12, 14ன்னு மிஷினுக்கு மிஷின் மாறும். டயல் காஜ் ஏற்கனவே வாங்கியாச்சு. பேரலல் (வைஸ்ல ஜாப் அடில வைக்கற ஒரே உயரப் பட்டை) ஒரு ஜோடி, எட்ஜ் ஃபைண்டர் (ஜாப்போட ஓரத்தைக் கண்டுபிடிக்கறது) ஒண்ணு. கோயமுத்தூர்ல நஞ்சப்பா ரோடு, சென்னைல பாரிஸ் பக்கம் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெருவுல ஒரு ரவுண்டு போனா எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுடும். கண்ணுக்குப் போடற சேஃப்டி கண்ணாடிக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

காசு மிச்சம் இருந்தா டிஆர்ஓ, அதாவது டேபிள் நிக்கற இடத்தை நம்பரா காட்டற டிஜிட்டல் ரீட் அவுட். பழைய மிஷினுக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது, ஸ்க்ரூ எவ்ளோ தேஞ்சிருந்தாலும் டேபிள் நிஜமா எங்க நிக்குதோ அதை ஸ்கேல் காட்டும். டேபிள் ஆட்டத்தை மட்டும் அது சரி பண்ணாது.

வந்து இறங்கினதும்

புது மிஷின்னா மேல பூசின கிரீஸை டீசல்ல கழுவுங்க, ஜிப்பை எல்லாம் கழட்டித் துடைச்சு, ஸ்லைடுவே ஆயில் 68 கிரேடு போட்டு மாட்டுங்க, உள்ள வார்ப்பு மணல் இருக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல் காத்து ஊர்னா வேலை முடிஞ்சதும் டேபிள்ல ஆயில் தடவாம தூங்கப் போகாதீங்க, ஒரே மழைக்காலம் போதும்.

அடுத்து ட்ராமிங், அதாவது ஸ்பிண்டிலை டேபிளுக்கு நேர் செங்குத்தா நிக்க வைக்கறது. ஸ்பிண்டில்ல ஒரு கம்பியை வளைச்சு மாட்டி முனைல டயலைக் கட்டுங்க, ஒரு சாண் தள்ளி. கையால சுத்தி டேபிளோட இடது ஓரத்துல ஒரு ரீடிங், வலது ஓரத்துல ஒரு ரீடிங். வித்தியாசத்துல பாதியை ஹெட்டைச் சாய்ச்சு எடுங்க, திரும்பப் பாருங்க. 0.02க்குள்ள வந்ததும் போல்ட்டை டைட் பண்ணுங்க, டைட் பண்ணினதுல நகந்திருக்கும், இன்னொரு தடவை பாருங்க. முன்னும் பின்னும் இதே மாதிரி, மினி மில்லுல அந்தப் பக்கத்துக்கு அட்ஜஸ்ட்மென்ட் இருக்காது, காலம் அடில ஷிம் (மெல்லிய தகடு) வைக்கணும். அப்புறம் வைஸோட நிலையான தாடைல டயலை ஓட்டி நேரா வைங்க.

ஸ்பீடுக்கு ஈசியான கணக்கு, எச்எஸ்எஸ் கட்டர், எம்எஸ்னா 8000த்தை கட்டர் டயாவால வகுங்க. 10 எம்எம் கட்டருக்கு 800 ஆர்பிஎம். பித்தளைக்கு அதுல ரெண்டு மடங்கு, அலுமினியத்துக்கு மூணு, மூணரை மடங்கு. அலுமினியம் கட்டர்ல ஒட்டிக்கும், ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் இல்ல டீசல் பிரஷ்ல தொட்டு விடுங்க.

ஃபீடு குடுக்கற திசை முக்கியம். கட்டர் சுத்தற திசைக்கு எதிரா ஜாப்பைத் தள்ளணும், அதுதான் கன்வென்ஷனல். கட்டர் போற திசைலயே ஜாப்பைக் குடுத்தா, பேக்லாஷ் எவ்ளோ இருக்கோ அவ்ளோ தூரத்துக்கு டேபிளைக் கட்டரே வெடுக்குன்னு இழுத்துக்கும், எண்ட் மில் உடையும், ஜாப் பறக்கும். ஃபினிஷிங்குக்கு ஒரு மயிரிழை எடுக்கும்போது மட்டும் அந்தத் திசைல போகலாம், அதுவும் லாக்கை லேசா இறுக்கிக்கிட்டு. நகர்த்தாத ரெண்டு ஆக்சிஸையும் எப்பவும் லாக் பண்ணிடுங்க, பாதி அதிர்வு அதுலயே போயிடும்.

லுங்கி, தோள்ல துண்டு, கை கிளவுஸ் மூணும் இந்த மிஷின் பக்கம் வேண்டாம். சில்லைக் கையால தள்ளாதீங்க, காத்து அடிக்காதீங்க, பிரஷ்ல தள்ளுங்க. ட்ராபார் ஸ்பேனரை டைட் பண்ணின கையோட எடுத்து மாட்டிடுங்க, அது மேலயே இருந்து ஸ்விட்சு போட்டா எங்க பறக்கும்னு யாருக்கும் தெரியாது.

முதல் வேலையா டி நட்டு (டி ஸ்லாட்டுக்குள்ள போற நட்டு) பண்ணுங்க. எம்எஸ் பட்டை ஒரு துண்டு, ஆறு பக்கமும் ஸ்கொயர் பண்ணி, ரெண்டு ஓரத்துலயும் படி எடுத்து, நடுவுல ட்ரில் போட்டு டேப் அடிக்கணும். ட்ராமிங், வைஸ், ஃபீடு, எட்ஜ் ஃபைண்டர் எல்லாம் அந்த ஒரு வேலைல வந்துடும். மரையை மட்டும் அடிப்பக்கம் முழுசா வெளிய வர விடாதீங்க, கடைசி ஒரு மரையை சென்டர் பஞ்சால நசுக்கி விட்டுடுங்க, இல்லன்னா ஸ்டட்டு டி ஸ்லாட் அடியைத் தொட்டு நெம்பி டேபிளையே பேத்துடும். நாலு பண்ணுங்க, ஒரே பட்டைல நீளமா மில் பண்ணிட்டு அப்புறம் நாலா அறுத்துக்கறது சுலபம்.